சீனக் குதிரையும் சங்கக் குதிரையும்: 'மா' என்ற சொல்லைப் பின்தொடர்ந்து

சீன மொழியில் மா என்றால் குதிரை. சங்கத் தமிழிலும் மா என்றால் குதிரை. பாட்டில் கலிமா என்று வந்தால் செருக்கோடு பாய்கிற குதிரை என்று பொருள் கொள்கிறோம். ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று. இதைப் பார்க்கிற யாருக்கும், ஆதியில் இரண்டும் ஒரே சொல்லாக இருந்திருக்கும், இல்லையென்றால் அங்கிருந்து இங்கோ இங்கிருந்து அங்கோ போயிருக்கும் என்றுதான் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, பல நாள் அதே நினைப்பாக இருந்தேன். ஆனால் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

இன்னொரு பக்கம், இத்தாலிய மொழியில் மா என்றால் 'ஆனால்' என்று பொருள். நாம் மகாத்மா, மகாராஜா என்கிறோமே, அந்த மகாவுக்கு இந்த 'ஆனால்' நிஜமாகவே சொந்தம், ஒரே பாட்டி வயிற்றுப் பேரப்பிள்ளைகள். பொருளைப் பார்த்தால் யாராவது சொல்வார்களா?

சொற்களின் பிறப்பைப் பற்றிப் பேசும்போது நான் திரும்பத் திரும்பச் சொல்ல விரும்புவது இதைத்தான்: ஒன்றுபோல ஒலிப்பது உறவுக்குச் சாட்சி அல்ல, ஒன்றுபோல ஒலிக்காததால் உறவு இல்லாமலும் போகாது. அப்படியானால் உறவை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? மொழியியல் படிக்காதவர்களுக்கும் புரியும்படி, மா என்ற இந்த ஓரெழுத்துச் சொல்லை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு போய்ப் பார்க்கலாம்.

முதலில் அந்தக் குதிரையை முடித்துவிடுவோம். சொல்லின் உறவை இன்றைய வடிவத்தை வைத்துப் பார்க்கக்கூடாது, இரண்டையும் பின்னோக்கி நடத்திக் கூட்டிப் போக வேண்டும். உண்மையான உறவு என்றால் பின்னால் போகப் போக இரண்டும் நெருங்கி வரும், தற்செயல் என்றால் விலகிப் போகும். சீனக் குதிரையைப் பின்னால் கூட்டிப் போனால் என்ன ஆகிறது? சீன எழுத்து ஒலியை நேராகக் காட்டாது என்பதால், பழங்கவிதைகளில் எந்தச் சொல் எதோடு இயைபாக வந்தது, எந்த எழுத்து எதற்கு ஒலிக்குறிப்பாக உதவியது, பர்மியம், திபெத்தியம் போன்ற உறவு மொழிகளில் அதே சொல் எப்படி இருக்கிறது என்பதையெல்லாம் வைத்துப் பழைய உச்சரிப்பைக் கட்டிப் பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்தால் பழஞ்சீனத்தில் இந்தச் சொல்லின் நடுவில் ஒரு ரகரம் இருந்திருக்கிறது, கிட்டத்தட்ட ம்ரா என்பதுபோல. பர்மியர்கள் குதிரையை இன்று ம்யின் என்கிறார்கள், ஆனால் எழுத்தில் இன்னும் ம்ரங் என்றுதான் எழுதுகிறார்கள். ஆக அந்த ரகரம் கற்பனை அல்ல.

இப்போது நம் மா. இதைப் பின்னால் கூட்டிப் போனால் குதிரை என்ற பொருளே கரைந்துவிடுகிறது. அது பொதுவாக விலங்குக்கு உரிய சொல். சிங்கம் அரிமா, கை உள்ள விலங்கான யானை கைம்மா. தொல்காப்பியத்தின் மரபியல் 'மாவும் மாக்களும் ஐயறி வினவே' என்று ஐந்தறிவு உயிர்களுக்கு அந்தச் சொல்லை வைத்து, அடுத்து மக்களுக்கு ஆறறிவு என்கிறது. குதிரை, யானை எல்லாம் அந்தப் பொதுச்சொல் இடத்துக்குத் தக்கபடி எடுத்துக்கொண்ட குறுகிய பொருள். ஆக அங்கே ஒலி விலகுகிறது, இங்கே பொருள் விலகுகிறது. இடையில் இருக்கிற நூற்றுக்கணக்கான மொழிகளில் இரண்டையும் இணைக்கிற பாலமாக எதுவும் இல்லை. அவ்வளவுதான், வழக்கு முடிந்தது.

(கலிமா என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. இஸ்லாமியர்கள் ஓதும் கலிமாவும் எழுத்துக்கு எழுத்து இதேதான். அது அரபியில் 'சொல்' என்று பொருள்படும் வார்த்தை. ஒரே மொழி பேசுகிற ஒரே ஊரில், ஒரு துளி வேறுபாடும் இல்லாத இரண்டு கலிமா இருக்க முடிகிறது.)

தற்செயலுக்கு இவ்வளவு வலிமை உண்டா என்று சந்தேகம் வரும். மொழியியல் வகுப்புகளில் இதற்குச் சொல்கிற புகழ்பெற்ற எடுத்துக்காட்டு ஆஸ்திரேலியாவின் வடக்குக் குவீன்ஸ்லாந்தில் பேசப்பட்ட ம்பபாரம் என்ற பழங்குடி மொழி. அதில் நாய்க்குப் பெயர் டாக். ஆங்கிலத்தில் இருக்கிற அதே டாக். கடன் வாங்கினார்கள் என்றுதான் முதலில் யாரும் நினைப்பார்கள். ஆனால் டிக்சன் என்ற மொழியியலாளர் பக்கத்து மொழிகளோடு வைத்துப் பார்த்தபோது, அங்கே நாய்க்குக் குடகா என்று பெயர் இருந்தது. முதல் அசை உதிர்ந்து, கடைசி உயிரும் உதிர்ந்து, நடு உயிர் மாறி டாக் ஆகியிருக்கிறது. அதே உதிர்தலும் மாறுதலும் அந்த மொழியின் மற்ற சொற்களிலும் அதே ஒழுங்கில் நடந்திருக்கின்றன என்பதுதான் முக்கியம்.

இந்த 'அதே ஒழுங்கு' என்பதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. இதற்கு ஆஸ்திரேலியா வரை போக வேண்டாம், பெங்களூருக்குப் போன யாரும் காதால் கேட்டிருப்பீர்கள். நம் பால் அங்கே ஹாலு, புலி ஹுலி, பல் ஹல்லு, பத்து ஹத்து, பாம்பு ஹாவு. தமிழில் பகரத்தில் தொடங்குகிற சொல் கன்னடத்தில் ஹகரத்தில் தொடங்குகிறது, ஒன்றிரண்டில் மட்டும் இல்லை, வரிசையாக. ஒரு சொல் இன்னொன்றைப் போல இருப்பது பெரிதல்ல, ஒரு மொழியின் ஒலி இன்னொரு மொழியின் ஒலியோடு விதி வைத்தாற்போல ஒத்துப் போவதுதான் ரத்தப் பரிசோதனை. சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ் 1816இல் தமிழ், தெலுங்கு, கன்னட வேர்ச்சொற்களை இப்படி அடுக்கிக் காட்டித்தான், இவை சமஸ்கிருதத்தில் பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்றார். 40 ஆண்டு கழித்து 1856இல் கால்டுவெல் அதை விரிவான நூலாக எழுதினார். நாம் இன்று பெருமையோடு சொல்கிற தமிழின் தனித்தன்மைக்கு ஆதாரமே இந்தப் பரிசோதனைதான். அதனால் மற்ற மொழிகளைப் பற்றிப் பேசும்போதும் அதே பரிசோதனையை விட்டுவிடாமல் இருப்பது நியாயம் என்று நினைக்கிறேன்.

குட்டிச் சொற்களில் தற்செயல் ஏன் இவ்வளவு அதிகம் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. தமிழில் உயிர்மெய் 216. அவற்றுள் பொருள் தரக்கூடிய ஓரெழுத்துச் சொற்களையும் உயிரெழுத்துச் சொற்களையும் சேர்த்து நன்னூல் 42 என்று எண்ணிச் சொல்கிறது. மகர வரிசையில் மட்டும் ஆறு: மா, மீ, மூ, மே, மை, மோ. எந்த மொழியிலும் ஓரசைச் சொற்களுக்கு இருக்கிற இடம் இப்படிச் சில நூறுதான். உலகில் ஏறத்தாழ 7,000 மொழிகள், ஒவ்வொன்றிலும் ஆயிரக்கணக்கான பொருள்களுக்குச் சொல் வேண்டும். போதாததற்கு மகரமும் ஆகாரமும் அநேகமாக எல்லா மொழியிலும் உண்டு. உதட்டை மூடித் திறந்தாலே மா வந்துவிடும். இத்தனை பேர் இவ்வளவு சின்னக் கொட்டகைக்குள் நுழைந்தால் முட்டிக்கொள்ளாமல் இருக்க முடியாது.

மொழிகள் இந்த நெருக்கடியைச் சமாளிக்கிற விதமும் அழகானது. நாம் சரி என்ற சொல்லை ஒப்புக்கொள்ளவும் சொல்கிறோம், இழுத்துக் கேள்வியாகவும் கேட்கிறோம். குரல் மாறினாலும் சொல் மாறுவதில்லை, மனநிலைதான் மாறுகிறது. மாண்டரின் சீனத்தில் குரல் மாறினால் சொல்லே மாறிவிடும். மேல் சுருதியில் சமமாகச் சொன்னால் மா அம்மா. ஏற்றிச் சொன்னால் சணல் போன்ற நார்ச்செடி, மரத்துப்போதல் என்ற பொருளும் அதற்கு உண்டு. இறக்கி ஏற்றினால் குதிரை. வெட்டினாற்போல இறக்கினால் திட்டு. சுருதியே இல்லாமல் வாக்கியத்தின் கடைசியில் லேசாகச் சொன்னால் நம் கேள்வி ஆகாரம் மாதிரி, வந்தாயா என்பதில் வருகிற 'ஆ'. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு மாலா என்ற காரச் சாப்பாடு தெரிந்திருக்கும். அதில் வருகிற மா இந்த மரத்துப்போகிற மாதான், லா என்றால் காரம். நாக்கு மரத்துக் காரமும் ஏறுவதால் அந்தப் பெயர்.

சீன எழுத்தில் இதைப் பார்ப்பது இன்னும் சுவை. அம்மா என்ற எழுத்தின் இடப்பக்கம் பெண், வலப்பக்கம் குதிரை. அம்மாவுக்கும் குதிரைக்கும் சம்பந்தம் இருப்பதால் அல்ல, இது பெண்ணைப் பற்றிய சொல், ஒலி குதிரை மாதிரி என்று படிப்பவருக்குச் சொல்வதற்காக. கேள்விக்கான மாவில் வாயும் குதிரையும், திட்டுவதற்கான மாவில் இரண்டு வாயும் ஒரு குதிரையும். இதைப் பார்த்துவிட்டு ஆதிச் சீனர்கள் தாயைக் குதிரையாக வணங்கினார்கள் என்று யாராவது கதை கட்டினால் எவ்வளவு தவறாகப் போகும்! ஆனால் நம்மூரில் சொல்லைப் பிரித்துப் பொருள் சொல்கிற பல விளக்கங்கள் இப்படித்தான் பிறக்கின்றன.

வியட்நாமிய மொழியில் ஆறு சுருதி, அங்கே மா பேய், கன்னம், ஆனால், கல்லறை, குதிரை, நாற்று என்று ஆறாகப் பிரிகிறது. தெற்கு வியட்நாமில் அம்மாவையும் மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். அந்தக் குதிரை சீனத்திலிருந்து வாங்கியது. தாய்லாந்தில் ஒரு சுருதியில் வா, ஒன்றில் குதிரை, ஒன்றில் நாய். பாரசீகத்தில் மா என்றால் நாம். நியூசிலாந்தின் மாவோரி மொழியில் மா என்றால் வெள்ளை. தமிழிலோ மாவுக்குக் கருமை என்று ஒரு பொருள் உண்டு, மாயோன் கரியவன். அங்கே வெள்ளை, இங்கே கறுப்பு. குதிரையும் குதிரையும் ஒத்துப் போனதைக் கொண்டாடுகிறவர்கள் இந்த மாதிரி ஒத்துப் போகாத நூறு இடங்களையும் சேர்த்து எண்ண வேண்டும்.

சரி, அம்மாவுக்கு வருவோம். இதைக் கேட்காமல் யாரும் விட மாட்டார்கள். சீனத்தில் மா, வங்காளத்தில் மா, சுவாஹிலியில் மாமா, தென் அமெரிக்காவின் கெச்சுவா மொழியில் மாமா, வேல்ஸில் மாம், தமிழில் அம்மா. இது எப்படித் தற்செயலாக இருக்கும்? நல்ல கேள்வி. இது தற்செயல் அல்ல, உறவும் அல்ல, கடனும் அல்ல, நான்காவதாக ஒன்று. இந்தச் சொல்லைப் பெரியவர்கள் படைக்கவில்லை, தொட்டிலில் கிடக்கிற குழந்தைகள் ஒவ்வொரு ஊரிலும் புதிதாகப் படைக்கிறார்கள்.

ரோமன் யாகப்சன் என்ற மொழியியலாளர் 1960இல் வெளியான ஒரு கட்டுரையில் இதை விளக்கினார். மர்டாக் என்ற மானிடவியலாளர் உலகெங்கும் தாயையும் தந்தையையும் குறிக்கிற 1,072 சொற்களைத் திரட்டி வைத்திருந்தார். அவற்றில் தாயைக் குறிப்பவற்றில் 55 சதவீதத்தில் ம, ந, ஞ, ங போன்ற மூக்கொலிகள் இருந்தன, தந்தையைக் குறிப்பவற்றில் 15 சதவீதத்தில்தான். காரணத்தை யாகப்சன் பால் குடிக்கிற குழந்தையிடம் பார்த்தார். வாய் மார்பில் பதிந்திருக்கும்போது மூக்கு வழியாகத்தான் ஒலி வர முடியும், அது ம்ம்ம் என்ற முனகலாகத்தான் இருக்கும். அப்புறம் பசி வந்தாலோ தாயைத் தேடினாலோ குழந்தை அதே முனகலைச் செய்கிறது, வாயைத் திறக்கும்போது அது மா ஆகிவிடுகிறது. கேட்டுக்கொண்டிருக்கிற தாய், தன்னைத்தான் கூப்பிடுகிறது என்று எடுத்துக்கொள்கிறாள். எடுத்துக்கொள்ளாமல் எப்படி இருப்பாள்! ஊர் ஊராக, தலைமுறை தலைமுறையாக இது நடப்பதால், உறவே இல்லாத மொழிகளிலும் அம்மா அம்மாவாகவே இருக்கிறாள்.

இதற்கு விலக்குகளும் உண்டு, அவை விளக்கத்தை இன்னும் உறுதியாக்குகின்றன. ஜார்ஜிய மொழியில் மாமா என்றால் அப்பா, தெடா என்றால் அம்மா. தலைநகர் திபிலிசியின் குன்றில் 1958இல் வைத்த பெண் சிலைக்குப் பெயர் கார்த்லிஸ் தெடா, ஜார்ஜியத் தாய். நமக்கு மாமா யார் என்று சொல்ல வேண்டியதில்லை. இன்னும் பக்கத்தில், நம் திராவிடக் குடும்பத்துக்குள்ளேயே, துளுவில் அப்பெ என்றால் அம்மா, அம்மெ என்றால் அப்பா. அப்படியே தலைகீழ். குழந்தையின் வாய்க்கு எளிதான ஒலிகள் எல்லா ஊரிலும் அதேதான், எந்த ஒலியை யார் தன் பெயராக எடுத்துக்கொள்கிறார் என்பதில்தான் ஊருக்கு ஊர் சற்று மாறுகிறது.

ஜப்பானியத்தில் அம்மாவுக்கு ஹாஹா. இதில் மாவும் இல்லை, பாவும் இல்லை என்று தோன்றும். ஆனால் கன்னடத்தில் பால் ஹாலு ஆன மாதிரி, ஜப்பானியத்திலும் பழைய பகரம் முதலில் உதட்டை ஒட்டி ஊதுகிற ஃபகரமாகி, பிறகு ஹகரமாகத் தேய்ந்தது. ஆக அந்த ஹாஹா ஆதியில் பாபா. இதை உறுதி செய்கிற ஒரு விடுகதை இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த சான்று. 1516இல் தொகுத்த ஒரு விடுகதைத் தொகுப்பில், 'தாயோடு இரண்டு முறை சந்திக்கும், தந்தையோடு ஒரு முறைகூடச் சந்திக்காது, அது என்ன?' என்று வருகிறது. விடை: உதடு. தந்தைக்கு ஜப்பானியத்தில் சிச்சி, அதைச் சொல்ல உதடு சேராது. ஹாஹாவைச் சொன்னாலும் இன்று உதடு சேராது. அன்று சேர்ந்ததால்தான் விடுகதை செல்லுபடியாகியிருக்கிறது. யாரோ ஒருவர் விளையாட்டாகச் சொன்னது, 500 ஆண்டு முன்பு ஒரு மொழி எப்படி ஒலித்தது என்பதற்கு ஆவணமாக நிற்கிறது.

இனி உண்மையான உறவு. இத்தாலிய மா லத்தீன் மாகிஸ் என்ற சொல்லின் தேய்வு, அதற்கு 'மேலும், இன்னும் அதிகமாக' என்று பொருள். மேலும் என்பதிலிருந்து 'அது இல்லை, அதைவிட இது' என்ற இடத்துக்கு நகர்ந்து 'ஆனால்' ஆகிவிட்டது. பிரெஞ்சிலும் ஸ்பானியத்திலும் இதே மாகிஸ் வேறு விதமாகத் தேய்ந்து இதே பொருளில் வாழ்கிறது. மாகிஸுக்குத் தாய்ச்சொல் பெரிய என்ற பொருளுடைய மிகப் பழைய இந்தோ-ஐரோப்பிய வேர். அதுதான் சமஸ்கிருதத்தில் மகா, கிரேக்கத்தில் மெகா, லத்தீனில் மாக்னுஸ். மாகிஸிலிருந்து மாகிஸ்தர், அதிலிருந்து மாஸ்டர். ஆக மகாத்மா, மெகா சீரியல், பரோட்டா மாஸ்டர், மாநகராட்சி மேயர் எல்லாரும் ஒரே கொடியில் வந்தவர்கள். நான்கு வழியில், நான்கு காலத்தில் தமிழுக்குள் வந்து, இன்று ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமல் ஒரே தெருவில் இருக்கிறார்கள்.

அப்படியானால் மாநகர், மாநிலம், மாநாடு என்பதில் வருகிற மாவும் மகாவின் சுருக்கமா? இதை நிறையப் பேர் கேட்கிறார்கள். மாதேவன், மாதேவி போன்ற சொற்களில் அது மகாவேதான், வடசொல் தமிழ் வாயில் சுருங்கியது. ஆனால் பெரிய என்ற பொருளில் மா தமிழிலேயே பழங்காலம் தொட்டு உரிச்சொல்லாக நிற்கிறது, பக்கத்திலேயே மாண், மாண்பு, மாட்சி என்று உறவுக்கூட்டமும் இருக்கிறது. மகாவின் வேரிலோ நடுவில் ஒரு ககர ஒலி உண்டு, மெகாவிலும் மாக்னுஸிலும் இன்றும் அது கேட்கிறது. தமிழ் மாவில் அதன் தடமே இல்லை. அதனால் இரண்டு தனித்தனி ஆறுகள் தமிழில் கலந்துவிட்டன என்பதுதான் என் கருத்து. எந்தச் சொல்லில் எந்தத் தண்ணீர் என்று ஒவ்வொன்றாகத்தான் பார்க்க வேண்டும்.

சமஸ்கிருதத்திலேயே மாவுக்கு இன்னொரு பொருள் உண்டு: வேண்டாம், செய்யாதே. கீதையின் பதினெட்டாம் அத்தியாயத்தில், வைணவர்கள் சரம சுலோகம் என்று போற்றும் பாட்டு 'மா சுச' என்று முடிகிறது, வருந்தாதே என்று பொருள். இதே தடுப்புச் சொல் கிரேக்கத்தில் மே, ஆர்மீனியத்தில் மி, பாரசீகத்தில் வினைக்கு முன்னால் ஒட்டுகிற ம. இது முழுக்க முழுக்கக் குடும்ப உறவு. ஆனால் அரபியில் மா என்றால் 'இல்லை' என்றும் ஒரு பொருள் இருக்கிறதே? அது வேறு குடும்பம், செமிட்டிக். அரபியில் அதே மா 'என்ன' என்று கேட்கவும், 'எதுவோ அது' என்று சுட்டவும் வருகிறது. நல்ல செய்தி கேட்டவுடன் நம் ஊர் இஸ்லாமியர்கள் மாஷா அல்லாஹ் என்கிறார்களே, அல்லாஹ் நாடியது எதுவோ அது என்று பொருள், முதலில் நிற்பது இந்த மாதான். எபிரேயத்திலும் 'என்ன' என்பதற்கு மா. யூதர்களின் பாஸ்கா விருந்தில் வீட்டின் சின்னப் பிள்ளை கேட்கிற கேள்வி மா நிஷ்தனா என்று தொடங்கும், என்ன மாறியிருக்கிறது என்று அர்த்தம். அரபி மாவும் எபிரேய மாவும் உடன்பிறந்தவை, சமஸ்கிருத மா அவற்றுக்கு யாரோ.

கடனாகப் போன மாவுக்கு நம்மிடமே அருமையான எடுத்துக்காட்டு இருக்கிறது. முக்கனியில் முதல் கனி. 1498இல் கோழிக்கோட்டில் வந்திறங்கிய போர்த்துக்கீசியர்கள் மலையாளக் கரையில் மாங்காய், மாங்ங என்று கேட்டதை மங்கா என்று எடுத்துப் போனார்கள், அங்கிருந்து அது ஆங்கிலத்தில் மேங்கோ ஆனது. மலாயில் மங்கா, அரபியில் மாஞ்சூ, சீனத்தில் மாங்குவோ. அந்தக் குவோவுக்குச் சீனத்தில் பழம் என்று பொருள், ஒலியைப் பிடிக்கப் போய்ப் பொருளுக்கும் பொருந்துகிற எழுத்து அமைந்துவிட்டது. உலகச் சந்தையில் இந்தப் பழத்துக்கு வழங்குகிற பல பெயர்களில் முதல் அசை நம் மா. ஜப்பானியப் படக்கதைக்குப் பெயர் மங்கா என்று இருக்கிறதே, அது வேறு, சீன எழுத்துகள் இரண்டைச் சேர்த்து உண்டாக்கியது. கடன்சொல்லை நிரூபிக்க யார், எப்போது, எந்த வழியில் கொண்டுபோனார் என்று காட்ட முடிய வேண்டும். மாம்பழத்துக்கு அதைக் காட்ட முடிகிறது, கப்பல் எந்தக் கரைக்கு வந்தது என்பது வரைக்கும்.

ஜப்பானின் சொந்த மா ஒன்று இருக்கிறது, இதை விட்டுவிட மனம் வரவில்லை. இரண்டு பொருள்களுக்கு நடுவே உள்ள வெளி, இரண்டு ஒலிகளுக்கு நடுவே உள்ள மௌனம், இரண்டு பேச்சுக்கு நடுவே விடுகிற இடைவெளி, இதற்கெல்லாம் சேர்த்து மா. கதவுக்குள் சூரியன் தெரிவது போன்ற எழுத்தால் அதை எழுதுகிறார்கள். மா இல்லாதவன் என்று பொருள்படும் மனுகே என்ற சொல்லுக்கு மடையன் என்று அர்த்தம். கட்டடக்கலைஞர் இசோசாகி 1978இல் பாரிசில் இந்த ஒரு சொல்லை மட்டும் கருவாக வைத்து ஒரு கண்காட்சியே நடத்தினார்.

தமிழுக்குத் திரும்பினால், விலங்கு, மரம், பெரிய, கரிய என்பதோடு மா நிற்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அரிசிமா, கோதுமை மா என்றுதான் சொல்வார்கள், தமிழ்நாட்டில் அது மாவு. இத்தனையும் ஒரே சொல்லின் பல பொருள்களா, அல்லது ஒன்றுபோல ஒலிக்கிற பல சொற்களா? குதிரையும் யானையும் ஒரே மாவின் பொருள்கள். ஆனால் அந்த விலங்கும் மாங்காய் காய்க்கிற மரமும் பிசைகிற மாவும் தனித்தனிச் சொற்கள், தற்செயலாக ஒரே இருக்கையில் வந்து உட்கார்ந்தவை. சீனத்துக்கும் தமிழுக்கும் நடுவில் நடந்த அதே விஷயம் ஒரே மொழிக்குள்ளும் நடக்கும்.

கணக்கில் வருகிற மாவை டெல்டாக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. மா என்றால் இருபதில் ஒன்று. காணி என்றால் எண்பதில் ஒன்று. இரண்டையும் சேர்த்தால் மாகாணி, பதினாறில் ஒன்று, கூட்டிப் பார்த்தால் சரியாக வரும். நிலத்தில் இருபது மா ஒரு வேலி, ஒரு மா ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஏக்கர். இந்த அளவு எவ்வளவு பழையது என்பதற்குப் புறநானூறே சாட்சி. முற்றிய நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் ஒரு மாவுக்குக் குறைந்த நிலமும் யானைக்குப் பல நாளைக்கு வரும் என்று பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரிவிதிப்பைப் பற்றிப் பிசிராந்தையார் எடுத்துச் சொல்கிறார். யானையையே மா என்று சொல்லக்கூடிய மொழியில், 'மாநிறைவு இல்லதும்' என்று வருகிற மாவை நிலமாகப் படிக்க இடம்தான் உதவுகிறது.

இத்தனை மாவையும் ஒரே இடத்தில் பார்க்க ஆசை இருந்தால், காளமேகப் புலவர் பாடியதாக வழங்குகிற ஒரு வெண்பாவைத் தேடிப் படியுங்கள். முக்கால், அரை, கால், அரைக்கால் என்று பின்னங்கள் இறங்கிக்கொண்டே வந்து,

'விக்கி
இருமாமுன் மாகாணிக் கேகாமுன் கச்சி
ஒருமாவின் கீழரையின் றோது'

என்று முடியும். கணக்காகப் படித்தால் இருமா பத்தில் ஒன்று, மாகாணி பதினாறில் ஒன்று, ஒருமா இருபதில் ஒன்று. பொருளாகப் படித்தால், இருமிச் சாய்வதற்கு முன், பெரிய காணியான சுடுகாட்டுக்குப் போவதற்கு முன், காஞ்சியில் ஒற்றை மாமரத்தின் கீழ் இருக்கிற ஏகாம்பரநாதரை இன்றே சொல். இருமா என்பதில் மா தனிச்சொல்லே இல்லை, இருமு என்ற வினையின் துண்டு. மாகாணியில் அது பெரிய என்ற உரிச்சொல். ஒருமாவில் மரம்.